தூரத்து நண்பருக்குக் கையெழுத்துக் கடிதம்: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடிதம் எழுத ஆசைப்படுகிறவர்களில் பலர் முதல் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். சோம்பல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுவதால் வரும் சலிப்பு அது. "போன வாரம் காய்ச்சல், இப்போது பரவாயில்லை" என்று எழுதிப் பெட்டியில் போடுகிறீர்கள். அது திருச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் நான்கு முறை போனில் பேசியாயிற்று. உறையைப் பிரிக்கிறவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. பதில் எழுத அவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே செய்தியெல்லாம் போனிலேயே போகட்டும். இரண்டு நாள் பயணத்துக்கு யாரும் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பதில்லை, புளிச்சோறுதான். கடிதத்துக்கும் அப்படி, மூன்று வாரம் கழித்துப் பிரித்தாலும் கெடாத சரக்கு வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தாள், பேனா, தபால் தலை விவகாரம். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாருக்கு எழுதுவது

கடைக்குப் போய் அழகான தாள் வாங்குவதற்கு முன் ஆளை முடிவு செய்யுங்கள். ஒரு காலத்தில் உங்களோடு மணிக்கணக்காகப் பேசியவர், இப்போது பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் மட்டும் அனுப்புகிறவர்: அவர்தான் சரியான ஆள். தேசிய சேவையில் ஒரே பிளாட்டூனில் இருந்துவிட்டு மெல்பர்னில் குடியேறிய நண்பர், உயர்நிலைப் பள்ளியில் பக்கத்து இருக்கைத் தோழி, ஊரில் இருக்கும் அத்தை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தங்கும் விடுதியில் ஒரே அறையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போன அண்ணன்மாரை மறந்துவிடாதீர்கள். தேக்காவில் எந்தக் கடை மூடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போது எப்படி என்று கேட்க அவர்களைப் போல ஆவலான ஆள் கிடைக்காது.

இரண்டு பேர் போதும். ஒருவர் உங்கள் வயது, ஒருவர் உங்களைவிட மூத்தவர் என்றால் ரொம்ப நல்லது. பத்துப் பேர் பட்டியல் போட்டுத் தொடங்கினால் அது அலுவலக வேலை மாதிரி ஆகிவிடும்.

அடுத்து முகவரி. "அக்கா, உங்க வீட்டு அட்ரஸ் அனுப்புங்க" என்று கேட்டால், "என்னப்பா, கல்யாணமா?" என்றுதான் முதலில் பதில் வரும். விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: "கையால ஒரு கடிதம் எழுதி அனுப்பலாம்னு இருக்கேன்க்கா. பதில் போட்டே ஆகணும்னு இல்ல." இந்த இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். கடிதம் என்றாலே பதில் போட வேண்டிய கடன் என்று பலரும் பயப்படுவார்கள். அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டால் பதில் தானாக வருவதற்கு வாய்ப்பு அதிகம். சொல்லாமல் அனுப்பி ஆச்சரியப்படுத்துவது எனக்கு உவப்பில்லை. வாடகை வீடு மாறியிருப்பார்கள், கடிதம் யார் கைக்கோ போகும்.

சிங்கப்பூருக்குள்ளேயே எழுதுகிறீர்கள் என்றால், கடிதப் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி இன்னொரு வார்த்தையும் சொல்லிவையுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பெட்டிச் சாவி எங்கே என்று தெரியாத குடும்பங்கள் இங்கே ஏராளம். விளம்பரத் தாள் வராமலிருக்கப் பெட்டியின் வாயை அடைத்துவிட்டேனே, கடிதம் எப்படி வரும் என்று சிலர் கேட்பார்கள். தபால்காரர் மொத்தப் பலகையையும் தன் சாவியால் திறந்துதான் போடுகிறார். அதனால் கவலை வேண்டாம்.

தாளும் பேனாவும்

சாதாரண ஏ4 தாள் போதும். கடைகளில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். நீளவாக்கு உறை நான்கைந்து கிராம். ஆக மூன்று தாள் வைத்தால் 20 கிராமை ஒட்டி நிற்கும், நான்காவது வைத்தால் தாண்டிவிடும். தபால் கட்டணத்தின் முதல் படி 20 கிராம் என்பதால் இந்தக் கணக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக எழுதுகிறவர் என்றால் மெல்லிய தாள் வாங்குங்கள், 40 ஜிஎஸ்எம் தாளில் எடை பாதியாகிவிடும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் இருக்கும் எழுதுபொருள் கடைகளில் ஒரு சுற்று வந்தால் எல்லா வகையும் கிடைக்கும். தேக்காப் பக்கம் போகிறவர்களுக்கு முஸ்தபா இருக்கவே இருக்கிறது.

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் நீள உறைக்குள் போகும், நான்காக மடித்தால் சிறிய சி6 உறைக்குள் போகும். கூடவே ஒரு புகைப்படம் வைக்கிற எண்ணம் இருந்தால் சி6 வாங்குங்கள், 4ஆர் அளவுப் படம் (4க்கு 6 அங்குலம்) அதில் கச்சிதமாக உட்காரும். படத்தின் எடையைச் சுமார் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பேனா விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு மதம். ஊற்றுப் பேனா இல்லாமல் கடிதமே இல்லை என்பார்கள் சிலர். நம்பாதீர்கள், பால்பாயிண்ட் தாராளமாகப் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம், தடித்த முனையால் எழுதினால் ண, ஞ எல்லாம் அடைபட்டு மைப்பொட்டு மாதிரி ஆகிவிடும். 0.5 மில்லிமீட்டர் முனை நல்லது. ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் காய நேரம் எடுக்கும். தாளைத் திருப்புவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிற ஊர் இது. திறந்த அலமாரியில் வைத்த தாள் ஈரத்தைக் குடித்துவிடும், ஊற்றுப் பேனா மை அதில் ரோமம் ரோமமாகப் படரும். பசை தடவிய உறைகள் தாமாகவே மூடிக்கொள்ளும், தபால் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூடி இறுகிய ஒரு டப்பாவில், மாத்திரைப் புட்டியோடும் காலணிப் பெட்டியோடும் வருகிற சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிடுங்கள்.

சரி, கையெழுத்து? பல வருஷம் திரையைத் தட்டிய கை அரைப் பக்கத்திலேயே வலிக்கும். ல, ள, ழ மூன்றும் சேர்ந்து மிரட்டும். போனில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, அதைப் பார்த்துத் தாளில் நகலெடுக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நகலெடுத்த கடிதம் இஸ்திரி போட்ட சட்டை போல விறைப்பாக நிற்கும், படிக்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போங்கள். எம்ஆர்டி, கோப்பித்தியாம், ஓவர்டைம் என்று வாயில் வருகிற சொல்லையே எழுதுங்கள். தேர்வுத்தாள் இல்லை இது.

என்ன எழுதுவது

பழைய சட்டகம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி, அல்லது 786, அல்லது சிலுவை, அல்லது ஒன்றுமில்லை. வலது மூலையில் ஊரும் தேதியும். பிறகு அன்புள்ள இன்னாருக்கு. பிறகு நலம், நலமறிய ஆவல். கடைசியில் இப்படிக்கு. கிண்டல் செய்து செய்தே இதைத் தேய்த்துவிட்டோம். ஆனால் வெற்றுத்தாளைப் பார்த்து மிரளுகிறவருக்கு இதைவிட நல்ல கைத்தாங்கல் கிடையாது. எழுதத் தொடங்கும்போதே நான்கு வரி நிரம்பிவிடும், பேனாவும் சூடாகிவிடும். வயதானவர்களுக்கு எழுதும்போது "நலம்" என்ற சொல்லை விட்டுவிடவே கூடாது. அதைக் காணவில்லை என்றால் ஏதோ மறைக்கிறான் என்று கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். தேதியையும் விடாதீர்கள். நீங்கள் எழுதும் "இன்று" அவர் படிக்கும் "இன்று" இல்லையே.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. "இங்கே எல்லாரும் சௌக்கியம், வேலை அதிகம், வெயிலும் அதிகம்" என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஜன்னலுக்குப் போங்கள். உதாரணத்துக்கு இப்படி ஒரு பத்தி:

"எதிர்ப் புளோக் ஒன்பதாம் மாடியில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். காலையில் மூங்கில் கழியில் துணியைக் கோத்து வெளியே நீட்டிவிடுவார். மழை வரப்போகிறதா என்று நான் போனில் பார்ப்பதில்லை, அந்தப் பாட்டியைப் பார்க்கிறேன். அவர் கழியை உள்ளே இழுத்தால் நானும் ஓடிப்போய் என் துணியை எடுத்துவிடுவேன். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை."

இதில் செய்தி எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் பழசாகாது. தூரத்தில் இருப்பவருக்கு உங்கள் நாள் எப்படி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நமக்குச் சலித்துப்போன காட்சிகள்தான் அவருக்குப் புதுசு: டுரியான் காலத்தில் லிஃப்டில் தொங்கும் வாசனை, ஆண்டு இறுதியில் விடாமல் பெய்கிற வடகிழக்குப் பருவமழை, கோப்பிக்கடையில் காலை ஏழு மணிக்கு மூன்று மொழியில் நடக்கும் வாக்குவாதம். சிங்கப்பூரின் பெரிய கட்டடங்களைப் பற்றி எழுத வேண்டாம், அவற்றை அவர் காணொளியிலேயே பார்த்துக்கொள்வார்.

ஜன்னல் தீர்ந்துபோனால் இருவருக்கும் பொதுவான பழைய நாள் ஒன்றை எடுங்கள். "அந்தக் காலத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்" என்று மொத்தமாக எழுதினால் அதில் எதுவும் தங்காது. ஒரு மதியம், ஒரு பேருந்து, யார் என்ன சாப்பிட்டோம் என்று சின்னதாகப் பிடியுங்கள். உங்களுக்கு மறந்துபோன பாதியை அவரிடமே கேளுங்கள். "அன்றைக்கு நம்மோடு வந்த மூன்றாவது ஆள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள், அதற்காகவே பதில் எழுதுவார். ஒரு கடிதத்தில் இப்படி ஒரு நல்ல கேள்வி இருந்தால் போதும். "அங்கே எல்லாரும் எப்படி?" என்பதைக் கேள்விக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு வகைச் சரக்கு, நெடுநாளாக மனதில் உருண்டுகொண்டிருக்கும் யோசனை. வேலையை விடலாமா, அப்பாவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாமா, பிள்ளைக்குத் தமிழ் ஒட்டவே மாட்டேன் என்கிறதே. போனில் இதைத் தொடங்கினால் எதிர்முனையில் இருப்பவர் உடனே அறிவுரை சொல்ல வந்துவிடுவார். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச ஆளில்லை. நீங்கள் நினைப்பதை முழுசாகச் சொல்லி முடிக்கலாம். எனக்குக் கடிதத்தில் பிடித்ததே இதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் குடும்பங்களில் கடிதம் ஆளுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வரும். யார் கையில் முதலில் அகப்படுகிறதோ அவர் பிரித்துவிடுவார், கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகவும் படிப்பார். தோழியின் மாமியாரைப் பற்றிய உங்கள் அபிப்பிராயத்தை எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கடன், பாகப்பிரிவினை, கோபம் ஆகியவற்றையும் காகிதத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓர் இரவு மேசையில் கிடக்கட்டும்.

கண்பார்வை குறைந்தவருக்கு எழுதினால் பேரனோ பேத்தியோதான் படித்துக் காட்டுவார்கள். எழுத்தைப் பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு எழுதுங்கள். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். படிக்கும் பிள்ளைக்கென்று கடைசியில் ஒரு வரி சேருங்கள்: "படித்துக் காட்டும் தம்பிக்கு என் அன்பு." அடுத்த கடிதத்தை அந்தத் தம்பியே எதிர்பார்ப்பான்.

துக்க வீட்டுக்கு எழுதுவது தனி. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், நீட்டவும் செய்யாதீர்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சிறு விஷயம், அவர் உங்களுக்குச் செய்த ஒன்று, அவ்வளவு போதும். காலம் ஆற்றும் என்பது போன்ற வாக்கியங்களை மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

முதல் கடிதம் ஒரு தாள், இரண்டு பக்கம். "வேறு விசேஷம் ஒன்றுமில்லை" என்று முடிக்காதீர்கள். விசேஷம் இல்லை என்றால் ஏன் எழுதினீர்கள் என்று ஆகிவிடும். எழுதி முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்போது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது உங்களுக்கே மறந்திருக்கும்.

உறையும் முகவரியும்

முகவரியை எப்போதும் பால்பாயிண்டில் எழுதுங்கள். உள்ளே எந்த மை வேண்டுமானாலும் இருக்கட்டும், வெளியே மழைத்துளி பட்டுக் கரையாத மை வேண்டும்.

உள்ளூர் முகவரி சுலபம்: பெயர், புளோக் எண்ணும் தெருவும், மாடி எண்ணும் வீட்டு எண்ணும், கடைசியில் சிங்கப்பூர் என்று எழுதி ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. இந்த ஆறு இலக்க முறை 1995 செப்டம்பரில் வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். நண்பர் அனுப்பிய முகவரி சரிதானா என்று பார்க்க இது ஒரு கைக்கணக்கு.

இந்தியாவின் பின்கோடும் ஆறு இலக்கம்தான், 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டுக் குறியீடுகள் 6-இல் தொடங்கும். இரண்டு நாட்டுக்கும் ஆறு இலக்கம் என்பதால் நாட்டின் பெயரை எழுதாமல் விட்டால் குழப்பத்துக்கு இடம் கொடுத்தது போல. கடைசி வரியில் தனியாக, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். மலேசியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்து இலக்கம். கனடாவுக்கு எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும், அதை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

முகவரியைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். முழுதும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், இங்கே தபாலை ஊர்வாரியாகப் பிரிப்பவர்கள் படிக்க வேண்டும். கிராமத்துக்குப் போகும் கடிதம் என்றால் அதற்குப் பக்கத்தில் தமிழிலும் எழுதிவிடுங்கள், அங்கே கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு உதவும். கதவு எண் பழையதா புதியதா, எந்த ஊர் வழி, எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று எதையும் சுருக்காதீர்கள். ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருப்பார்கள், அதனால் அப்பா பெயரையும் சேருங்கள். உங்கள் முகவரி உறையின் பின்பக்கம், அதுவும் நாட்டின் பெயரோடு.

அலங்காரம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல காரியக் கடிதத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பது நம் வழக்கம். லேசாகத் தொட்டு, காயவிட்டு, முகவரி மேல் படாமல் வைத்தால் இன்றைக்கும் அழகுதான். ஆனால் கறுப்பு ஓரம் போட்ட உறை எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும் ஊருக்கு அனுப்பாதீர்கள். மூலையில் கறுப்பைப் பார்த்தாலே சாவுச் செய்தி என்று நினைக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது, பிரிப்பதற்குள் நெஞ்சு அடைத்துவிடும். அரக்கு முத்திரை வேண்டும் என்றால் தாளின் மேல் வையுங்கள். உறையின் மேல் வைத்தால் தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும் இயந்திரத்தில் உடையும்.

உள்ளே காகிதம் மட்டும் இருக்கட்டும். கடிதம், படம், தமிழ் முரசிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, இவை போதும். சின்னதாக ஒரு பொருள் வைத்தாலும் அது சரக்காகிவிடும், சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். விதை, காய்ந்த பூ, வேப்பிலை போன்றவற்றை ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்ப நினைக்கவே வேண்டாம். அந்நாட்டு உயிர்ப்பாதுகாப்புச் சோதனை கடுமையானது. பணத்தாள் எந்த நாட்டுக்கும் கூடாது.

தபால் தலை, பெட்டி

உள்ளூர்க் கடிதத்துக்கு விலை அச்சிடாத "ஃபர்ஸ்ட் லோக்கல்" தலைகள் உண்டு, சிறு புத்தகமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். கட்டணம் ஏறினாலும் அவை செல்லும். 2023 அக்டோபரில் சாதாரண உள்ளூர்க் கடிதக் கட்டணம் 31 காசிலிருந்து 51 காசுக்கு ஏறியபோது, முன்பே வாங்கி வைத்தவர்கள் கூடுதலாக எதுவும் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் கட்டணம் மாறியிருக்கிறது, அனுப்பும் நாளில் சிங்போஸ்ட் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கடிதத்துக்கு எடையும் தூரமும் சேர்ந்துதான் கட்டணம். முதல் இரண்டு மூன்று முறை அஞ்சலக முகப்புக்கே போய் எடை போட்டுவிடுங்கள். "அச்சடித்த ஸ்டிக்கர் வேண்டாம், தலையே கொடுங்கள்" என்று கேளுங்கள். ஆர்க்கிட், பறவை, பழைய கடைவீடு என்று இங்கே வருகிற தலைகள் நன்றாக இருக்கும், ஊரில் யாராவது ஒரு பிள்ளை அதைக் கிழித்து எடுத்து வைத்துக்கொள்ளும். பழகிய பிறகு சமையலறைத் தராசில் வீட்டிலேயே எடை போட்டுக்கொள்ளலாம்.

பெட்டியில் போடும்போது எடுக்கும் நேரம் எழுதியிருப்பதைப் பாருங்கள். அவ்வளவுதான். பதிவுத் தபாலுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய கடிதம் ஊரில் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

நீளமாக எழுதத் தெம்பில்லாதபோது படம் போட்ட அஞ்சலட்டை இருக்கிறது. முன்பு இங்கே வேலை பார்த்த பெரியவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் புல்லர்ட்டன் கட்டடத்தின் படமாகத் தேடிப் பாருங்கள். நமக்கு அது ஹோட்டல். 1928 முதல் 1996 வரை தலைமை அஞ்சலகம் அங்கேதான் இருந்தது, அவருக்கு அது பெரிய தபாலாபீஸ். அட்டையின் பின்னால் நான்கு வரி எழுதினால் போதும், மிச்சத்தை அவரே நினைத்துக்கொள்வார்.

காத்திருப்பும் பதிலும்

போட்ட மறுநாளிலிருந்து "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்கக் கூடாது. இந்தியாவுக்கு இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் ஆனாலும் பதற வேண்டாம். ஆறு வாரம் தாண்டினால் கேட்கலாம். நம் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. 2020-இல் விமானங்கள் நின்றபோது பல நாடுகளுக்குத் தபாலும் நின்றது. 2024 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை கனடா தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், டொரோண்டோவுக்கு எழுதியவர்களுக்கு ஒரு மாதம் கணக்கில் இல்லாமல் போனது. கடிதத்தின் மூலையில் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டால் எது தொலைந்தது, எது முந்திவந்தது என்று இருவருக்கும் தெரியும்.

பதிலை நான்கு பக்கக் கடிதமாக எதிர்பார்க்காதீர்கள். பலர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார்கள்: "டேய், உன் லெட்டர் வந்துச்சுடா, அம்மா மூணு தடவ படிக்கச் சொன்னாங்க." அதுவும் பதில்தான். அதிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்து அடுத்த கடிதத்தைத் தொடங்குங்கள். மூன்றாவது நான்காவது கடிதத்துக்குள் அவரும் பேனாவை எடுத்தாலும் எடுப்பார்.

மூத்தவர்களுக்கு எழுதும்போது உங்கள் முகவரியை எழுதிய வெற்று உறை ஒன்றை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். சிங்கப்பூர் முகவரியை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் அவர்களுக்குப் பெரிய மலைப்பு, அது தீர்ந்துவிடும். தலை மட்டும் அவர்கள் அங்கேதான் வாங்கி ஒட்ட வேண்டும். நம் தலை அங்கே செல்லாது.

பதில் வந்தால் அன்றைக்கே எழுதி அனுப்பிவிடாதீர்கள், கொஞ்ச நாள் சட்டைப்பையில் கிடக்கட்டும். எழுத உட்காரும்போது அவர் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். அவர் கேட்டதற்குப் பதில் முதலில், உங்கள் கதை பிறகு. கடிதத் தொடர்பு அறுந்துபோகும் இடமே இதுதான். இருவரும் தத்தம் கதையைச் சொல்லிக்கொண்டே போவார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் தொடவே மாட்டார்.

முகம் தெரியாதவருக்கு எழுதுவது

பத்திரிகைகளில் பேனா நண்பர் பகுதி வந்த காலம் போய்விட்டது. இன்றைக்கு அதற்குக் கிட்டத்தில் இருப்பது போஸ்ட்கிராசிங் என்ற இணையத்தளம். போர்ச்சுகலைச் சேர்ந்த பாவுலோ மகல்யாயிஷ் 2005 ஜூலையில் தொடங்கியது. உலகில் யாரோ ஒருவரின் முகவரி உங்களுக்குக் கிடைக்கும், ஓர் அஞ்சலட்டை அனுப்புவீர்கள், அது போய்ச் சேர்ந்ததும் வேறு யாரோ ஒருவர் உங்களுக்கு அனுப்புவார். நட்பு என்று சொல்ல முடியாது, ஒரு முறையோடு முடிகிற விஷயம். ஆனால் அஞ்சலட்டை எழுதிப் பழக நல்ல இடம்.

தொடர்ந்து எழுதப் போகும் அந்நியருக்கு வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சல் பெட்டி எண் ஒன்று எடுத்துக் கொடுக்கலாம். பணம் என்ற பேச்சு வந்த அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் எழுதினால் பெற்றோருக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

வந்த கடிதங்களை வைத்துக்கொள்வது

பிளாஸ்டிக் உறையில் போட்டு லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகித் தாளையும் தின்னும். பிஸ்கட் டின், இரண்டு சிலிக்கா பொட்டலம், வெயில் படாத அலமாரி, இது போதும். ராமபாணப் பூச்சிக்கு ஈரமான காகிதம் விருந்து, அதனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை டின்னைத் திறந்து பாருங்கள், பொட்டலத்தை மாற்றுங்கள். ஆள்வாரியாகக் கட்டி வையுங்கள், தேதிவாரியாக வேண்டாம். உறையையும் எறியாதீர்கள். தேதி போட மறக்கிற நண்பர்களுக்குத் தபால் முத்திரைதான் சாட்சி.

இன்னொன்று, பண்டிகைக் கடிதம். தீபாவளிக்குள் ஊருக்குச் சேர வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே பெட்டியில் போட்டுவிடுங்கள். பொங்கலுக்கு அனுப்புவது டிசம்பர் நெரிசலில் மாட்டும், அதற்கு இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.